தடை போடுங்கள், புண்ணியமாகப் போகும்

அணுகுண்டு செய்கிறவர்களுக்கு உலகம் இதுவரை கண்டுபிடித்திருக்கும் தண்டனை ஒன்றே ஒன்றுதான். இனிமேல் வெடித்துப் பார்க்கக் கூடாது. தண்டனை நிறைவேறியது. அவர்கள் பட்ஜெட் உயர்ந்தது.

1992 செப்டம்பர் 23 அன்று நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கா தன் கடைசிச் சோதனையை நடத்தியது. அதிகாரபூர்வக் கணக்கில் அது 1,054-வது. ஆயிரத்து ஐம்பத்து நான்கு முறை வெடித்துப் பார்த்தும் குண்டு வெடிக்குமா வெடிக்காதா என்ற சந்தேகம் தீரவில்லை. தீரவும் விடமாட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்குத்தான் சம்பளம்.

வெடிக்கத் தடை என்றதும் குண்டு ஆய்வகங்களான லாஸ் அலமோஸும் லிவர்மோரும் சாண்டியாவும் கடையைச் சாத்திக்கொண்டு போயிருக்க வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? நீங்கள் வரி கட்டுகிற ஆள், அப்படித்தான் நினைப்பீர்கள். அவர்கள் கையிருப்புப் பராமரிப்புத் திட்டம் என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். குண்டுக்கு வயதாகிறது, புளூட்டோனியம் துருப்பிடிக்கிறது, வெடித்துப் பார்க்கவும் விடமாட்டேன் என்கிறீர்கள். ஆகவே கம்ப்யூட்டருக்குள் வெடித்துப் பார்க்கிறோம், காசு கொடுங்கள். 1990-களின் பிற்பாதியில் கேட்டதும் கிடைத்ததும் ஆண்டுக்குச் சுமார் 450 கோடி டாலர். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, நிஜமாகவே வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், இதே வேலைகளுக்குச் சராசரியாக ஆன செலவைவிட இது அதிகம். வெடித்தால் ஒரு விலை. வெடிக்காமல் இருக்க அதைவிடக் கூடுதல் விலை.

இந்த வித்தை பழையது. 1958 முதல் 1961 வரை வல்லரசுகள் சோதனையை நிறுத்திவைத்திருந்தன. வெளியே நிறுத்தம். உள்ளே, லாஸ் அலமோஸ்காரர்கள் பூமிக்கடியில் சின்னச் சின்னதாக 'ஹைட்ரோநியூக்ளியர்' பரிசோதனைகளை ஓசைப்படாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள். அணுப்பிளவு நடந்ததா என்றால், நடந்தது. வெடிப்பா என்றால், வெடிப்பில்லை. அளவு ரொம்பக் கொஞ்சம், ஆகவே அது சோதனையில் சேராது என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள்.

1963-ல் காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் வெடிக்கக் கூடாதென்று பகுதித் தடை ஒப்பந்தம் வந்தது. தளபதிகளும் ஆய்வகங்களும் முனகாமல் இருப்பதற்குக் கென்னடி அரசு ஒரு விலை கொடுத்தது. அதற்குப் பெயர் 'பாதுகாப்பு நிபந்தனைகள்'. நிலத்தடியில் தீவிரமாகச் சோதிப்போம். ஆய்வகங்களை வாடவிட மாட்டோம். ஒப்பந்தம் முறிந்தால் உடனே வான்வெளியில் வெடிக்க ஆளும் தளவாடமும் தயாராக வைத்திருப்போம். பலன்? தடைக்கு முன் அமெரிக்கா நடத்திய சோதனைகளைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, தடைக்குப் பின்.

மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. முழுத்தடை ஒப்பந்தம் 1996 செப்டம்பர் 24 அன்று கையெழுத்துக்கு வந்தது. அது வரப்போகிறது என்று தெரிந்ததுமே பிரான்ஸ் ஓடோடிப் போய்ப் பசிபிக்கில் ஆறு குண்டுகளை வெடித்தது. இனிமேல் வெடிக்காமல் இருப்பதற்குத் தேவையான தகவலைச் சேகரிக்கவாம். சீனா ஜூலை 29-ல் வெடித்துவிட்டு, நாளை முதல் நாங்கள் சோதனையை நிறுத்துகிறோம் என்று அன்றைக்கே அறிவித்தது. பிறகு எல்லாரும் பேனாவை எடுத்தார்கள். முதல் கையெழுத்து அமெரிக்க அதிபருடையது. மூன்று ஆண்டு கழித்து அவர் நாட்டு செனட்டே அதை 51-க்கு 48 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது.

வெடிக்காமலே சோதிக்க லிவர்மோரில் 192 லேசர்களோடு ஒரு கட்டடம் நிற்கிறது. 2009-ல் கட்டி முடித்தபோது செலவு 350 கோடி டாலர். வேலை அணுப்பிணைவைப் பற்றவைப்பது. அதன் பெயரிலேயே 'பற்றவைப்பு' இருக்கிறது. 2012-க்குள் பற்றவைத்துக் காட்டுகிறோம் என்றார்கள். பற்றவில்லை. 2022 டிசம்பர் 5-ல் பற்றியது. 2.05 மெகாஜூல் ஒளி உள்ளே போய், 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. பத்திரிகைகள் எல்லாம் தூய மின்சாரம், மனிதகுலத்தின் விடிவு என்று கொட்டை எழுத்தில் போட்டன. அந்த லேசரைச் சுடக் கம்பி வழியாக இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல் என்பதைப் பொடி எழுத்தில் போட்டன. அந்தக் கட்டடத்துக்குப் படியளப்பது மின்வாரியம் அல்ல, குண்டுப் பராமரிப்புக் கணக்கு என்பதைப் பல பத்திரிகைகள் போடவே இல்லை.

சரி, அமெரிக்கனைத் திட்டுவது சுலபம். நம் வீட்டுக்கு வருவோம்.

சோதனைகளை நிறுத்துங்கள் என்று உலகத்துக்கே முதலில் புத்தி சொன்னவர் நம் நேரு. 1954 ஏப்ரலில். 1963 ஒப்பந்தத்தில் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களில் நாமும் உண்டு. 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்துவிட்டு இது 'அமைதிக்கான வெடிப்பு' என்றோம். அமைதி அதிர்ந்ததில் பாலைவனம் புடைத்து எழுந்தது. அந்தக் குழுவை நடத்திய ராஜா ராமண்ணா 23 ஆண்டு பொறுத்து, 1997-ல், அது குண்டுதான் என்று வாயைத் திறந்து சொன்னார். அதற்குள் அமைதிக்கு விருதெல்லாம் கொடுத்து முடித்திருந்தார்கள்.

1995 டிசம்பரில், முழுத்தடை வந்துவிடும் என்ற பதற்றத்தில் நரசிம்ம ராவ் அரசு பொக்ரானில் குழியைத் தயார் செய்தது. அமெரிக்கச் செயற்கைக்கோள் பார்த்துவிட்டது. தூதர் வந்து பேசினார். குழி மூடப்பட்டது. அடுத்த ஆண்டு உலக அரங்கில் இந்தியத் தூதர் அருந்ததி கோஷ் எழுந்து, பாரபட்சமான இந்த ஒப்பந்தத்தில் இந்தியா இப்போதும் கையெழுத்திடாது, எப்போதும் கையெழுத்திடாது என்று முழங்கினார். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவை. வல்லரசுகளுக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது, லேசர் இருக்கிறது, வெடிக்காமலே குண்டை மெருகேற்றிக்கொள்வார்கள். இது ஆயுதக் குறைப்பே அல்ல. முத்தான வாதம். அந்த வாதத்தை நம் அணுசக்தித் துறை மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டது. கேட்டுவிட்டு, அப்படியானால் நமக்கும் அந்தக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று முடிவு செய்தது.

1998 மார்ச் 19-ல் வாஜ்பாய் பதவியேற்றார். மே 11-ல் குண்டு வெடித்தது. எட்டு வாரம்கூட ஆகவில்லை. இந்த இடத்தில் தமிழக-கேரள எல்லைக்காரன் ஒருவன் குறுக்கே பேசியே ஆக வேண்டும். மதுரையிலிருந்து போடிக்குப் போகும் 90 கிலோமீட்டர் ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று 2010 கடைசியில் மூடினார்கள். போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். நினைத்தால் எட்டு வாரத்தில் பூமியையே குலுக்குகிற அரசாங்கம்தான் இதுவும்.

பொக்ரானில் விஞ்ஞானிகள் ராணுவ உடையில் திரிந்தார்கள். புனைபெயர்கள் வேறு. கலாமுக்கு மேஜர் ஜெனரல் பிருத்விராஜ். அணுசக்தித் துறைத் தலைவர் ஆர். சிதம்பரத்துக்கு மேஜர் ஜெனரல் நட்ராஜ். சிதம்பரத்துக்கு நடராஜர்! இந்த மர்மத்தை உடைக்க முடியாமல் சிஐஏ கோட்டைவிட்டது என்றால், அவர்கள் அலுவலகத்தில் வாசல் தெளிக்கிற ஒரு தமிழ்ப் பாட்டிகூட வேலைக்கு இல்லை என்றுதான் அர்த்தம். குழிகளுக்கும் பெயர் வைத்தார்கள். ஹைட்ரஜன் குண்டு இறங்கிய குழி 'வெள்ளை மாளிகை'. அணுப்பிளவுக் குண்டுக்குத் 'தாஜ்மகால்'. குட்டிக் குண்டு ஒன்றுக்குக் 'கும்பகர்ணன்'.

மே 13 அன்று இன்னும் இரண்டு குட்டிகள். அன்று அரசு விட்ட அறிக்கையில்தான் விஷயமே இருக்கிறது. இந்தச் சோதனைகள் கணினி மாதிரிகளை மேம்படுத்தத் தகவல் தந்தன, தேவைப்பட்டால் 'சப்கிரிட்டிக்கல்' பரிசோதனை செய்யும் திறனுக்கும் வழி செய்தன என்றது அது. சப்கிரிட்டிக்கல் என்றால் புளூட்டோனியம் வெடிக்கிற நிலையைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். ஒப்பந்தக்காரன் கையில் மாட்டாது. அதாவது தடையை எதிர்த்து உலக அரங்கில் கர்ஜித்தோம். தடைக்குள் குடியிருக்கப் பொக்ரானில் வீடு பார்த்தோம். வல்லரசுகளின் எந்தத் தந்திரத்தை அயோக்கியத்தனம் என்றோமோ, அதற்கே விண்ணப்பம் போட்டோம். அதே மாதத்தில் 'நாங்களாகவே இனி சோதிக்க மாட்டோம்' என்ற அறிவிப்பும் வந்தது. கையெழுத்து மட்டும் கிடையாது. கட்டுப்படுகிறோம், ஆனால் கட்டுப்பட்டவர்கள் இல்லை.

இதில் ஒரு சின்ன விசேஷம். மே 13 வெடிப்பு இரண்டையும் வெளிநாட்டு நிலநடுக்க நிலையம் எதுவும் பதிவு செய்யவில்லை. மணல் குன்றில் வெடித்தோம், சின்ன வெடி, ஆகவே கேட்காது என்று பாபா அணு ஆராய்ச்சி மையம் சொன்னது. இருக்கலாம். கணினிக்குப் பால் வார்த்த சோதனையாயிற்றே, கணினிக்கு மட்டும் கேட்டிருக்கும்.

மே 11 ஹைட்ரஜன் குண்டின் கதை இன்னும் ருசி. 45 கிலோடன் என்றது நம் துறை. அன்றைய வெடிப்புகளை எல்லாம் கூட்டினாலும் துறை சொல்வதில் பாதிகூட வராது என்றார்கள் வெளிநாட்டு நிலநடுக்க ஆய்வாளர்கள். பொறாமை பிடித்தவர்கள், விடுங்கள். ஆனால் 2009-ல் கே. சந்தானமே கிளம்பினார். பொக்ரானில் டிஆர்டிஓ தரப்பு ஏற்பாடுகளை முன்னின்று கவனித்தவர். ஹைட்ரஜன் குண்டு புஸ்ஸாகிவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். அணுப்பிளவுக் குண்டு பெரிய பள்ளம் பறித்தது. ஆனால் ஹைட்ரஜன் குண்டு இறங்கிய குழி அப்படியே இருந்தது, மேலே கப்பி மாட்டியிருந்த இரும்புச் சட்டம் நின்ற இடத்தில் நின்றது என்றார். பாலைவனத்தில் உலக வல்லரசுகளை அசைத்த அன்று, 'வெள்ளை மாளிகை' மட்டும் அசையவில்லை.

கலாம் மறுத்தார்: ஊர் ராமேஸ்வரம். சிதம்பரம் மறுத்தார்: சென்னை. எரிய வேண்டியதில் ஒரு பங்குதான் எரிந்தது என்று முன்னரே முணுமுணுத்துவந்த பி.கே. அய்யங்கார், அணுசக்தித் துறையின் முன்னாள் தலைவர், சந்தானத்தின் பக்கம் சாய்ந்தார்: திருநெல்வேலி. தமிழனுக்குத் தேசிய அரங்கில் இடமில்லை என்று இனி யாரும் புலம்ப வேண்டாம். இந்தியக் குண்டு வெடித்ததா இல்லையா என்ற சண்டையே தமிழ்நாட்டுத் தெருச்சண்டையாகத்தான் நடந்தது.

சண்டையை யார் தீர்த்து வைத்தார்கள்? துறையேதான். மாணவனே கேள்வித்தாள் தயாரித்து, மாணவனே பரீட்சை எழுதி, மாணவனே திருத்தி, தனக்கே முதல் ரேங்க் போட்டுக்கொண்டு, விடைத்தாளைக் கேட்டால் அது தேசிய ரகசியம் என்றான். 45 என்று போட்டிருக்கிறது, கூட்டிப் பார்க்க வேண்டாம். சிதம்பரம் 2001 முதல் 2018 வரை நாட்டின் முதன்மை அறிவியல் ஆலோசகராக வீற்றிருந்தார். கவனியுங்கள்: குண்டு நன்றாக வெடித்தது என்றால், தகவல் இருக்கிறது, கணினி வேண்டும், காசு கொடு. வெடிக்கவில்லை என்றால், தகவல் போதாது, இன்னும் சோதிக்க வேண்டும், காசு கொடு. இரண்டு கட்சியும் நாடே அதிரும்படி மோதிக்கொண்டன. காசு கொடு என்ற கடைசி வார்த்தையில் மட்டும் கருத்து வேறுபாடே இல்லை.

இந்தத் துறைதான் ஒரு நாள் எங்கள் மலையடிவாரத்துக்கும் வந்தது.

போடிக்கு மேற்கே, தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலை. அந்த மேற்கு மலைத்தொடரின் மறுபக்கம் கேரளத்தின் இடுக்கி. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள். மலையைக் குடைந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் காந்த இரும்பு, நியூட்ரினோ ஆய்வகம். நீலகிரியில் சிங்காரா வேண்டாம் என்று தள்ளப்பட்ட பிறகு இங்கே வந்தார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. இந்தப் பக்கம் வைகோ நடைப்பயணம் போனார். அந்தப் பக்கம் அச்சுதானந்தன் முல்லைப் பெரியாறையும் இடுக்கி அணையையும் காட்டி எச்சரித்தார். இரண்டு மாநிலமும் ஒத்துப்போன விஷயங்களை விரல்விட்டு எண்ணலாம். இது அதில் ஒன்று.

விடியுமுன் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஆறு பேர் உட்கார வேண்டியதில் பதினைந்து பேர். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் போடிமெட்டில் டீக்கு நிறுத்தினார்கள். மடியில் தூக்குவாளியோடு ஒரு பெரியம்மா கேட்டார்.

"ஏந் தம்பி, பேப்பர் படிக்கிற ஆளு நீ. அந்த மலைக்குள்ள என்னத்தப் புடிக்கப் போறாகளாம்?"

"நியூட்ரினோன்னு சொல்றாங்க பெரியம்மா. கண்ணுக்குத் தெரியாது. மலை, பூமி எல்லாத்தையும் துளைச்சுக்கிட்டு அது பாட்டுக்குப் போயிரும்."

"மலையவே துளைச்சுக்கிட்டுப் போறத, மலைக்குள்ள உக்காந்து எப்பிடிப்பா புடிப்பாக?"

"கோடானுகோடியில ஒண்ணு ரெண்டு மாட்டுமாம்."

"அதுக்கு ஆயிரத்தி ஐநூறு கோடி. இந்த ஜீப்புக்கு ஒரு படி வச்சுக் குடுக்க நாதியில்ல." டம்ளரை வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். ஏற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அறிவியல்படி பார்த்தால் நியூட்ரினோவைப் பிடிக்கிற இரும்புக்கூடு குண்டும் அல்ல, குண்டுக்குத் தம்பியும் அல்ல. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கப் புரளிக்காரர்களும் சும்மா இல்லை. 2003-ல் மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை எழுதினார்கள்: மிகப் பெரிய ஆற்றலில் நியூட்ரினோக் கற்றையைப் பாய்ச்சி எதிரி நாட்டு அணுகுண்டுகளைப் பூமிக்கு ஊடாகவே செயலிழக்கச் செய்யலாம். அதற்கு ஆயிரம் கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் வேண்டும், பத்தாயிரம் கோடி டாலருக்கு மேல் செலவாகும், ஒரு பெரிய நாட்டின் மின்சாரமே தேவைப்படும் என்றும் அவர்களே எழுதியிருந்தார்கள். அந்தப் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் மேடைக்கு மேடை வாசித்தார்கள். கேரளத்தின் நீளமே சுமார் 580 கிலோமீட்டர்தான். வளையத்தைப் பொட்டிப்புரத்தில் எந்தக் கருவேலங்காட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் புரளியை ஜனங்கள் ஏன் நம்பினார்கள்? இது வெறும் அடிப்படை அறிவியல் என்று சொன்ன துறை, எந்தத் துறை? குண்டை அமைதி என்று சொல்லி 23 ஆண்டு ஏய்த்த துறை. கிலோடன்னை நாங்கள் சொன்னால் ஒத்துக்கொள், காகிதத்தைக் கேட்காதே என்ற துறை. அணுசக்திச் சட்டம் 1962 என்ற போர்வைக்குள் நெல்லையும் பதரையும் ஒன்றாக மூடிவைத்த துறை. அறுபது ஆண்டு பொய்க்குச் செலவழித்த நம்பிக்கையை, உண்மை சொல்ல வந்த அன்றைக்குத் தேடினால் எங்கே கிடைக்கும்?

அன்றைக்காவது நேராக வந்தார்களா என்றால், அதுவும் இல்லை. கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் நிறுத்திவைத்தது. தேசியப் பூங்கா பக்கத்தில் இருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றது. மறு ஆண்டே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 'சிறப்பு நேர்வு' என்று சொல்லி அனுமதி கொடுத்தது. எந்தப் பிரிவில்? 'கட்டடங்கள் மற்றும் கட்டுமானம்'. மலையைக் குடைந்து இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் போடுவது, கோயம்புத்தூரில் அடுக்குமாடி கட்டுகிற கணக்கில் வந்தது. நியூட்ரினோ நல்ல பிள்ளைதான். கூட்டிக்கொண்டு வந்தவர்கள் சரியில்லை. 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இந்தத் திட்டம் வேண்டவே வேண்டாம் என்று பதில் மனு போட்டது. ஒழுங்காகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு நல்ல ஆய்வகமும் போயிற்று.

அணுச்சோதனைத் தடையைக் கண்காணிக்க உலகம் எவ்வளவு பெரிய காதை வளர்த்திருக்கிறது என்பதையும் பாருங்கள். முழுத்தடை ஒப்பந்தத்துக்காக 321 கண்காணிப்பு நிலையங்கள் கொண்ட வலைப்பின்னல். நிலம், கடல், காற்று, கதிர்வீச்சு எல்லாவற்றையும் கேட்கும். 2006-ல் வட கொரியா ஒரு கிலோடன்னுக்கும் குறைவாக வெடித்ததை உலகின் பல மூலைகளில் பிடித்தார்கள். இந்தியா கையெழுத்திடாததால் நம் மண்ணில் அந்த நிலையம் ஒன்றும் கிடையாது. அதனால் நமக்குக் காது இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1960-களின் நடுவில் பிரிட்டன் உதவியோடு வைத்த நிலநடுக்கமானி வரிசை இருக்கிறது. அடுத்தவன் எங்கே குண்டு வெடிக்கிறான் என்று கேட்கத்தான். நடத்துவது பாபா அணு ஆராய்ச்சி மையம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள். மழையில் மின்சாரம் போயிருந்தது. ஃபோன் கிடையாது. பிழைத்தவர்கள் இருட்டில் நடந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பாறைக்குள் வெடிக்கும் குண்டைக் கேட்கிற நாட்டில், ஒரு மலை இடிந்து விழுந்த சத்தம் மூணாறு வரை வரவில்லை.

மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று மாநில அரசு அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். கோழிக்கோட்டுக்கு முதல்வர் உடனே போனார். பெட்டிமுடிக்கு ஆகஸ்ட் 13-ல் வந்தார். விமானத்தில் வந்து செத்தால் ஒரு ரேட்டு, லயத்தில் தூங்கிச் செத்தால் ஒரு ரேட்டு. இதற்கு மட்டும் கணினி மாதிரி எதுவும் தேவைப்படவில்லை, பளிச்சென்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

பாலக்காட்டுப் பக்கம் போனால் அட்டப்பாடி. பிறந்த பிள்ளைகள் ஊட்டமில்லாமல் செத்ததை 2013-ல் நாடே பார்த்தது. அங்கேயும் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்குக்கும் ஊர்க் கணக்குக்கும் சண்டைதான். கிலோடன்னில் கூட்டிச் சொல்வார்கள். குழந்தையில் குறைத்துச் சொல்வார்கள்.

2025 அக்டோபர் கடைசியில் டிரம்ப் மறுபடியும் சோதனை ஆரம்பியுங்கள் என்று உத்தரவு போட்டார். ரஷ்யா ஏற்கெனவே 2023 நவம்பரில் ஒப்பந்த ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கொண்டது. சில நாளிலேயே அமெரிக்க எரிசக்தி அமைச்சர் வந்து, இது அணு வெடிப்பு அல்ல, மற்ற பாகங்களைச் சோதிப்பதுதான் என்று ஆற்றுப்படுத்தினார். ஆய்வகங்களுக்கு இதில் கலவரம் ஒன்றும் இல்லை. தடை இருந்தால் தடைக்கான தொகை. தடை போனால் தயார்நிலைக்கான தொகை.

ஆகவே, எல்லைப்புற ஜனங்கள் சார்பில் ஒரு தாழ்மையான விண்ணப்பம் தயாரித்தோம். திட்டம் கொடுங்கள், நிதி கொடுங்கள் என்று எழுதி எழுதி மை தீர்ந்ததுதான் மிச்சம். எதைத் தடை செய்கிறார்களோ அதற்குத்தான் பணம் கொட்டுகிறது என்பது இப்போதுதான் உறைத்தது. அதனால் எங்களுக்கும் தடை கேட்டோம்.

போடிமெட்டுச் சாலையில் பஸ் ஓட்டக் கூடாது என்று சர்வதேச ஒப்பந்தம் போடுங்கள். மறுநாளே ஆண்டுக்கு 450 கோடி டாலரில் பஸ் சிமுலேஷன் மையம் வந்துவிடும். பெரியம்மா கணினியில் பத்திரமாகப் பூப்பாறை போய்ச் சேருவார். மலையில் ஃபோன் டவர் வைக்கக் கூடாது என்று ஐ.நா.வில் தீர்மானம் போடுங்கள். டவரைத் தயார்நிலையில் வைத்திருக்க ஆறு நிபந்தனையும் அரை டஜன் இயக்குநர்களும் கிடைப்பார்கள். இடுக்கியில் மருத்துவக் கல்லூரிக்கும் தடை கேட்டிருந்தோம். சப்கிரிட்டிக்கல் பரிசோதனை அங்கே முன்பே நடந்திருக்கிறது: 2014-ல் கல்லூரி திறந்தார்கள், வசதி போதாதென்று 2016-ல் அனுமதி போய், பிள்ளைகளை வேறு கல்லூரிகளுக்கு மாற்றினார்கள், 2022-ல் மறுபடி அனுமதி வந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டு இடுக்கி மருத்துவக் கல்லூரி முழுக்க முழுக்கக் காகிதத்தில் நடந்தது. நெஞ்சுவலிக்காரர்கள் மட்டும் பழைய முறைப்படி நிஜமாகவே தேனிக்கும் கோட்டயத்துக்கும் ஜீப்பில் போனார்கள்.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த பெரிய மனிதர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எங்களுக்கு விதியை விளக்கினார். தடை ஒப்பந்தம் போட வேண்டுமானால், சம்பந்தப்பட்ட பொருள் முதலில் உங்களிடம் இருந்தாக வேண்டுமாம்.